நடைவழித் திருப்பம்

அக்காள் புருஷன் சின்னவள் எடுத்து வந்த படங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் ஆடியது.

“ஏம்மா, நான் உன்னை வீட்டைப் படம் எடுக்கச் சொன்னேனா, தீப்பெட்டியைப் படம் எடுக்கச் சொன்னேனா?”

சின்னவளுக்கு முகம் சுண்டிப்போனது. ஸ்டூடியோவில் வேலை பார்த்த காலமெல்லாம் அவள் எடுத்தது முகங்களைத்தான். பாஸ்போர்ட்டுக்கு, பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு, வேலை விண்ணப்பத்துக்கு. ஸ்டூலில் உட்காரவைத்து, மோவாயைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, சிரிக்க வேண்டாமென்று சொல்லி, ஒரே லென்ஸில் எடுத்த முகங்கள். அதே லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு படுக்கையறைக்குள் போனால், சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் அரைக் கட்டிலும் இரண்டு ஜன்னல் கம்பியும்தான் உள்ளே வந்தன. அவள் என்ன செய்வாள்?

ஸ்டூடியோ முதலாளி கடையை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார். அதற்கு முந்தைய வருஷமே அவளுடைய புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான். நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அக்காள் வீட்டு மாடியறைக்கு வந்தவள் அங்கேயே தங்கிப்போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ஆனால் குளியலறைக் குழாய் சொட்டினால்கூட, நாம்தான் சரியாக மூடவில்லையோ என்று பதறி ஓடும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. அக்காள் புருஷன் வீட்டு புரோக்கர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். “சும்மா உட்கார்ந்து சுவத்தை எண்ணாதே சின்னவளே, என் வீடுகளைப் படம் எடு” என்று வேலை கொடுத்ததும் அவர்தான். முதல் வேலையே தீப்பெட்டியாகிவிட்டது.

அடுத்த நாள் அவரே அவளை லென்ஸ் கடைக்கு அழைத்துப் போனார்.

கடைக்காரர் வழுக்கைத் தலையர், பேச ஆள் கிடைக்காமல் காத்திருந்தவர்போல. “எதுக்கு வேணும்? மலைக்கா, கூட்டத்துக்கா, ரூமுக்கா?” என்று கேட்டு, ரூமுக்கு என்றதும் லென்ஸுகளை எடுத்து வரிசையாக வைத்தார். லென்ஸில் போட்டிருக்கும் எண் குறையக் குறையப் பார்வை அகலும் என்பது சின்னவளுக்குத் தெரிந்த விஷயம்தான். கையில் எடுத்துப் பார்த்ததில்லை. கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டி அடுக்கிய சின்ன குடோன் இருந்தது. அங்கே போய் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள்.

இருபத்துநாலு மில்லிமீட்டர் லென்ஸ் நன்றாக இருந்தது. கோடுகள் சாயவில்லை. ஆனால் குடோன் குடோனாகவே இருந்தது. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த புரோக்கர் உதட்டைப் பிதுக்கினார். “பத்தாது.”

அடுத்ததாக அவர் கையிலேயே அகப்பட்டது மீன்கண் லென்ஸ். அதில் அட்டைப்பெட்டிகள் வாழைப்பழம் மாதிரி வளைந்தன, கூரை குடை மாதிரி கவிழ்ந்தது. புரோக்கருக்குத் தலைகால் புரியவில்லை. “ஆகா, இதைப் பாரேன், அரண்மனை மாதிரி ஆயிடுச்சு!”

“சார், இதுல எடுத்தா வீடு உருண்டையாத் தெரியும். வாடகைக்கு வர்றவன் பந்துன்னு நினைச்சு உதைச்சுடுவான்” என்றார் கடைக்காரர்.

பன்னிரண்டை மாட்டியபோது அவளுடைய செருப்பு முனையே படத்துக்குள் வந்தது. ஓரத்துப் பெட்டிகளை யாரோ இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. பதினாறுக்கு வந்ததும் அவள் நின்றாள். கேமராவை ஒரு பெட்டிமேல் சமமாக வைத்து, கதவு நிலையின் கோடு நேராக நிற்கிறதா என்று பார்த்தாள். நின்றது. மேலே கொஞ்சம் தூக்கினால் சுவர்கள் பின்னால் சாய்ந்தன, கீழே தாழ்த்தினால் மேல்பக்கம் விரிந்து கவிழ்ந்தன. சமமாகப் பிடித்தால் மட்டும் எல்லாம் ஒழுங்கு. மூன்று சுவர், தரை, கூரை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. ஆனால் பார்க்கிறவனுக்கு ஒரு சந்தேகமும் வராது. ஏமாற்று வேலை மாதிரித் தெரியவே இல்லை.

“இதுதான் மாமா” என்றாள்.

வாங்கிக் கொடுத்தவர் அவர். அதனால் அது அவளுடைய கையிலிருந்த அவருடைய லென்ஸ். அதை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

அதன் பிறகு அவள் கை பழகியது. அறையின் மூலையில் நின்று எதிர் மூலையைப் பார்க்க வேண்டும். கேமரா நெஞ்சு உயரத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் தரை சுருங்கும். அடுத்த அறைக்குப் போகும் கதவைத் திறந்து வைத்தால் கண் அதற்குள் ஓடும், அறை நீளும். ஓரத்தில் எதையும் விட்டுவைக்கக் கூடாது. லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் சோபா யானைக்குட்டி ஆகிவிடும், அதை வைத்தே அறையின் அளவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காலி வீடுகளில் தனியாகச் சுற்றிச் சுற்றி அவளே கண்டது. அவள் எடுத்த ஒரு குளியலறையைப் பார்த்துவிட்டு அக்காள் கேட்டாள்: “ஏண்டி, இதுல நீச்சல் தெரியாதவங்க இறங்கலாமா?” மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தார்கள். அந்த மாதங்களில் அந்த வீட்டில் அவளும் நன்றாகவே சிரித்தாள். புரோக்கருக்கு உச்சி குளிர்ந்துபோனது. வீடுகள் மளமளவென்று போயின. குழாய் சொட்டினால் இப்போதெல்லாம் அவள் பதறுவதில்லை.

அவள் எடுத்ததிலேயே நல்ல படம் என்று அவளே நினைத்தது ஒரு நடைவழியை. பழைய கட்டடம், முதல் மாடி. முன்னறையிலிருந்து போகும் ஒடுங்கின நடை பாதியில் சட்டென்று வலது பக்கம் திரும்பிப் படுக்கையறைக்குப் போகும். வெளிச்சமும் இல்லை, அகலமும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவள் அந்தத் திருப்பத்தின் வெளிமூலையில் முதுகைச் சொருகிக்கொண்டு நின்றாள். பதினாறு மில்லிமீட்டர் லென்ஸின் பார்வை ஒரு மூலையின் செங்கோணத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால் ஒரு பக்கம் முன்னறை வரைக்கும், மறுபக்கம் படுக்கையறை ஜன்னல் வரைக்கும், நடையின் இரண்டு கையும் ஒரே படத்துக்குள் விரிந்தன. நடுவில் இருந்த திருப்பம் சின்னதாக ஒரு கூடமே இருக்கிற மாதிரி வந்தது. காலை வெயில் வேறு இரண்டு பக்கமிருந்தும் தரையில் விழுந்திருந்தது. புரோக்கர் அதைத்தான் விளம்பரத்தில் முதல் படமாகப் போட்டார். வீடு உடனே போய்விட்டது.

அதே வீட்டை மறுபடியும் படம் எடுக்கச் சொல்லி அவர் அனுப்பியபோது அவளுக்கு ஆச்சரியம். “அதுக்குள்ள காலி பண்றாங்களா?”

“பண்றாரு. ஒரே ஆள்தான். பெயிண்ட் அடிச்சாச்சாம். நீ போய்ப் புதுசா எடுத்துட்டு வா” என்றார் அவர், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

கதவைத் திறந்தவர் குட்டையான, அகன்ற தோள்காரர். தலை முழுக்க நரை. முன்னறையில் கட்டி வைத்த பெட்டிகள் கிடந்தன. அடுப்படியில் மட்டும் ஒரு பாத்திரமும் இரண்டு டம்ளரும் கட்டாமல் இருந்தன. “வாங்கம்மா, புரோக்கர் சொன்னாரு. நான் ஓரமா இருந்துக்கறேன், நீங்க பாருங்க” என்றவர், அவள் வேண்டாமென்று சொல்வதற்குள் தேநீர் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். நல்ல தேநீர். பேச்சோடு பேச்சாக, தான் கப்பலில் சமையல்காரராக இருந்ததைச் சொன்னார்.

“முப்பது வருஷத்துக்கு மேல கப்பல். என் கேபின்ல கையை நீட்டிச் சோம்பல் முறிக்க முடியாது. ஊருக்கு வந்தா மாமனார் வீட்டுல ஒரு ரூம். என் பொண்டாட்டி என்கிட்ட நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. அகலமா ஒரு வீடு பாருங்கன்னு மட்டும் சொல்லிட்டே இருப்பா. கடைசி டிரிப்புல நான் கடல்ல இருக்கறப்போ அவளே போன்ல பார்த்துப் பிடிச்சா, இந்த வீட்டை.”

“நேர்ல வந்து பார்க்கலையா?”

“ஊர் தூரம்மா. அவளுக்கு இதயம் வேற பலவீனம். படம் இருக்கே, அப்புறம் எதுக்கு அலையணும்னு சொல்லிட்டா.”

சின்னவள் டம்ளரைக் கீழே வைத்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்காமலே இருந்திருக்கலாம். கேட்டுவிட்டாள். “அவங்க இப்போ?”

“இல்லைம்மா” என்றார் அவர். ஏதோ கடையில் சரக்கு இல்லை என்று சொல்கிற குரல். “வந்து ரெண்டு மாசம்கூட ஆகலை.”

அவர் அழவில்லை. ஒருவரிடம் சொல்லக் கிடைத்தது போதும் என்பதுபோல் சொல்லிக்கொண்டே போனார். காலையில் எழுந்தவள் மூச்சு முட்டுகிறது என்று மறுபடி கட்டிலில் படுத்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. படிக்கட்டு அகலம், ஒரு பிரச்சினையும் இல்லை. ஸ்ட்ரெச்சரை நடைக்குள் கொண்டுவந்தார்கள். திருப்பத்தில் அது திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள், கடைசியில் அது சுவருக்கும் சுவருக்கும் நடுவில் இறுகி மாட்டிக்கொண்டது. வந்தவர்களில் ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே. அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் பொழுது போனது. அப்புறம் போர்வையில் வைத்துத் தூக்கினார்கள். பக்கத்தில் நின்று தாங்க இடமில்லை. தலைமாட்டில் ஒருவன், கால்மாட்டில் ஒருவன். போர்வை தொய்ந்து, திருப்பத்தில் அவளைத் தரையில் இறக்கி வைத்து, மறுபடி பிடி மாற்றித் தூக்க வேண்டியிருந்தது.

“அந்த நேரத்துலயும் அவ என்ன சொன்னா தெரியுமா? மெதுவா, சுவர்ல கீறல் விழப்போகுது, ஓனர் திட்டுவாங்கன்னு சொன்னா.” அவர் வெறுமனே சிரித்தார். “ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிட்டோம். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேன்னு டாக்டர் சொன்னாரு. கப்பல்லகூட வழி வைக்கறப்போ ஸ்ட்ரெச்சர் திரும்புமான்னு பார்த்துத்தான் வைப்பாங்கம்மா. நான் முப்பது வருஷம் அப்படி ஒரு இடத்துல இருந்துட்டு வந்தவன். படத்தைப் பார்த்தப்போ எனக்கே தோணலை. ரெண்டு பேர் கை கோத்துக்கிட்டுப் போகலாம் போல இருந்துச்சு.”

சின்னவள் கேமராப் பையின் ஜிப்பைத் திறக்கத் தொடங்கினாள்.

“அந்தப் படத்தை யாரு எடுத்தாங்கன்னு தெரியுமாம்மா உங்களுக்கு?”

“தெரியலைங்க” என்றாள். “நான் இப்பத்தான் சேர்ந்தேன்.”

வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே திடுக்கென்றது. அவர் தலையாட்டிவிட்டு, “சரி, உங்க வேலையைக் கெடுக்கறேன், பாருங்க” என்றார்.

அவள் வேலையைத் தொடங்கினாள். கை தானாகச் செய்தாலும், பெட்டிகளுக்கு நடுவில் எங்கே நிற்பது என்று நகர்ந்து நகர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. முன்னறை மூலை, அடுப்படி, ஜன்னல். கிடந்த பெட்டிகளை அவரே நகர்த்தி வழிவிட்டார். பிறகு நடைக்கு வந்தாள். புதுப் பெயிண்ட்டின் வாசனை மூக்கில் ஏறியது. திருப்பத்தின் சுவரில், இடுப்பு உயரத்தில், பெயிண்ட்டுக்கு அடியில் நீளமாக ஒரு பள்ளம் ஓடியது. பூசி மெழுகியிருந்தார்கள். விரலால் தடவினால் தெரிந்தது. அவள் பார்வையை விலக்கிக்கொண்டு வெளிமூலைக்குப் போய், முதுகைச் சொருகி, கேமராவை நெஞ்சுக்குக் கொண்டுவந்து எடுத்தாள். ஒரே ஒரு படம்.

நிமிர்ந்தபோது அவர் நடையின் அந்தக் கோடியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காட்டுங்க” என்றார்.

திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் படத்தைப் பார்த்தார். அவள் நின்ற மூலையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அதே கூடம், அதே இரண்டு கை, தரையில் அதே வெயில்.

“மத்த ரூம்ல எல்லாம் எங்க நிக்கறதுன்னு அங்க இங்க நகர்ந்து பார்த்தீங்க” என்றார் மெதுவாக. “இங்க வந்ததும் தேடவே இல்லை. நேரா அந்த மூலைக்குப் போயிட்டீங்க.”

அவள் கேமராவைத் தாழ்த்தினாள். “நான்தாங்க எடுத்தேன்” என்றாள். “அப்பவும் நான்தான். பயந்துட்டேன், அதான் இல்லைன்னு சொல்லிட்டேன்.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடியது. திரும்பி வந்தபோது சட்டை முன்புறமெல்லாம் நனைந்திருந்தது. நேரே திருப்பத்தை ஒட்டி வந்து நின்று, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினார். முழுவதும் நீட்ட முடியவில்லை. முழங்கை மடங்கியிருக்கும்போதே உள்ளங்கைகள் இரண்டு சுவரிலும் பதிந்துவிட்டன.

“இப்போ எடுங்க.”

எடுத்தாள். திரையில் பார்த்ததும் அவளுக்கே அவமானமாக இருந்தது. லென்ஸ் அவரையும் விடவில்லை. ஓரத்துக்குப் போன கைகள் இழுபட்டு நீண்டிருந்தன. நடு உடம்பு சிறுத்திருந்தது. ஏதோ பெரிய மண்டபத்தில் நீண்ட கைக்காரன் ஒருவன் நிற்கிற மாதிரி இருந்தது.

“இருங்க, இதுல சரியா வராது” என்று பையைத் திறந்து, ஸ்டூடியோக் காலத்து லென்ஸை எடுத்து மாட்டினாள். அதற்கு இந்த மூலை போதாது. படுக்கையறைக்குள் போய், ஜன்னலோடு ஒட்டி நின்று, திறந்த கதவு வழியாகப் பார்த்தாள். இப்போது அவர் அவராக இருந்தார். குட்டையான மனிதர், நனைந்த சட்டை, மடங்கிய முழங்கை, இரண்டு சுவர். “மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க” என்று பழக்கதோஷத்தில் சொன்னாள். அவர் தூக்கினார்.

அவள் கிளம்பும்போது அவர் வாசல் வரை வந்தார். “ஒண்ணு கேட்கலாமா? அந்தப் பழைய படம் உங்ககிட்ட இருக்குமா? முதல்ல எடுத்தது.”

“இருக்குங்க. எதுக்கு?” அவளுக்குப் பயமாக இருந்தது. போலீஸ், கோர்ட் என்று மனம் எங்கெல்லாமோ ஓடியது.

“எனக்கு ஒண்ணு பிரிண்ட் போட்டுக் குடுங்க. இங்க வந்து அவ இருந்தது கொஞ்ச நாள்தான். வந்த அன்னைக்கே, படத்துல இருக்கற வீட்டைப் பிடிச்சுட்டு இந்த வீட்டுக்கு வந்துட்டோமேன்னு சொல்லிச் சிரிச்சா. ஆனா அதுக்கு முன்னாடி நான் கடல்ல இருந்த நாளெல்லாம் அவ போன்ல பேசினது அந்தப் படத்தைப் பத்தித்தான். இங்க ஒரு சின்ன மேஜை, அதுமேல ரேடியோ, இங்க நீங்க உட்காருங்க, இங்க நான்னு. அவ சந்தோஷமா இருந்த வீடு அதுதாம்மா.”

அவள் தலையாட்டிவிட்டு, அவர் போய் இருக்கப்போகும் விலாசத்தைக் குறித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து எல்லாப் படத்தோடும் கை விரித்து நிற்கும் படத்தையும் சேர்த்து அனுப்பினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த புரோக்கர் கை கழுவாமலே ஆரம்பித்துவிட்டார்.

“இது என்ன படம்? இந்த ஆளை எதுக்கு நிக்க வச்சிருக்க? போலீஸ் சோதனை போடற மாதிரி?”

“நடை எவ்வளவு அகலம்னு தெரியறதுக்கு மாமா.”

“அது தெரியக் கூடாதுன்னுதானே உனக்கு லென்ஸ் வாங்கிக் குடுத்தேன்!”

நடந்ததை அவள் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவர் வாயில் வைக்காமல் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவருக்கும் அந்த அம்மாளைத் தெரியும். சாவி கொடுக்கப் போனபோது உட்காரச் சொல்லிப் பழம் நறுக்கிக் கொடுத்தவள். ஆனால் பேச்சு வந்தபோது குரல் ஏறிவிட்டது.

“இங்க பாரு, வந்து பார்க்காதீங்கன்னு நான் சொன்னேனா? கதவைப் பூட்டி வச்சிருந்தேனா? கட்டினவன் ஒழுங்காக் கட்டலை, அவங்களுக்கு நெஞ்சுல நோவு. எல்லாத்தையும் தூக்கி என் தலையிலயும் உன் கேமரா மேலயும் போட்டா ஆச்சா?”

“நடையோட அகலத்தை விளம்பரத்துல எழுதுங்க மாமா. அது போதும்.”

“எழுதினா எவன் வருவான்?” என்றவர், சமாதானமாகப் போகிற குரலில், “சரி, உனக்கு உறுத்துதுன்னா ஒண்ணு பண்ணலாம். நடையே வேண்டாம். ஹாலையும் பெட்ரூமையும் மட்டும் போட்டுடறேன். யாரும் பொய் சொல்லலை, சரியா?” என்றார்.

“அது இன்னும் மோசம்.”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அக்காள் தட்டை எடுத்தாள். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்துக்கொண்டு, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “அவர் கத்துறதை விடுடி. நாளைக்குச் சரியாயிடுவார். நீ பேசினது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா பேசிட்டு எங்க போய் இருப்ப?”

அவள் மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். இனி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். சாயங்காலம் செல்போனைத் திறந்தால் விளம்பரம் வந்திருந்தது. முதல் படம் அந்த நடைவழித் திருப்பம், இரண்டு பக்கமும் காலை வெயிலோடு. இன்று எடுத்ததுகூட இல்லை. அவரிடம் ஏற்கெனவே இருந்த பழைய படம். அவள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

பிரிண்ட்டைக் கொடுக்கப் போனாள். சமையல்காரர் இப்போது மச்சான் வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தார். உறையைப் பிரித்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்ல முடியாது. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“இன்னும் இந்த வேலைதான் பார்க்கறீங்களா?”

“ஆமாங்க.”

“வேற வழி இல்லை?”

“இல்லைங்க.”

அவர் படத்தை மறுபடி உறைக்குள் போட்டார். உட்காரச் சொல்லவில்லை. அவரை அவள் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அந்த வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது என்று புரோக்கர் சாப்பாட்டு மேஜையில் சாதாரணமாகச் சொன்னார். என்றைக்குக் குடிவருகிறார்கள் என்று அக்காளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்று காலை சின்னவள் கட்டடத்து வாசலில் போய் நின்றாள். சொல்லிவிட வேண்டும், பிறகு அவர்கள் பாடு. இனி எந்த வீட்டுக்குள் போய்ப் படுப்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சின்ன லாரி வந்தது. இறங்கினது இளம் வயதுப் புருஷன், வயிறு தள்ளிய மனைவி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவனுடைய அப்பா. பெரியவரைப் பார்த்ததும் அவள் வேகமாக முன்னால் போனாள். இளைஞனைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். படம், திருப்பம், ஸ்ட்ரெச்சர், முன்பு இருந்தவள் செத்தது, எல்லாம்.

அவன் குறுக்கிடாமல் கேட்டான். முடிந்ததும் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். “தெரியும்க்கா. செத்தது தெரியாது. ஆனா நடை குறுகல்னு தெரியும். நாங்க வந்து பார்த்துட்டுத்தான் எடுத்தோம்.”

“பார்த்துட்டா?”

“படம் பெருசாக் காட்டும்னு எல்லாருக்கும் தெரியும்க்கா. ஏறி இறங்கி எத்தனையோ பார்த்தாச்சு. எங்களுக்குக் கட்டுபடியாகிறதுல, அப்பா ஏறக்கூடிய படிக்கட்டு இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் இதைவிட மோசம்.”

ஏமாந்தவர்களைக் காப்பாற்ற வந்தவளுக்கு, ஏமாறாதவர்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

மனைவி பக்கத்தில் வந்து விஷயத்தைக் கேட்டாள். கேட்டதும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். “நாற்காலில போகும்” என்றாள். “மாமாவை அன்னைக்கே உட்கார வச்சுத் தூக்கிப் பார்த்துட்டோம். முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர். கை வச்ச நாற்காலி முட்டுது. கை இல்லாத நாற்காலின்னா திருப்பத்துல திரும்புது.”

“என்னைத் தூக்கிட்டாங்கம்மா” என்றார் பெரியவர், வாக்கரில் சாய்ந்தபடி. “இவளைத்தான் எப்படித் தூக்கறதுன்னு தெரியலை. பேசாம ஆஸ்பத்திரி வாசல்லயே போய் உட்கார்ந்துக்கோன்னு சொல்லியிருக்கேன்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. லாரியில் இருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு மாடியேறினாள். பீரோ திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. படுக்கையறைக் கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒரு வழியாக உள்ளே தள்ளினார்கள். சுவரில் புதிதாக ஒரு கீறல் விழுந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மத்தியானம் வரை இருந்துவிட்டு அவள் வீட்டுக்குத் திரும்பினாள். அக்காள் வீட்டுக்குத்தான்.

புரோக்கர் அடுத்த வீட்டின் சாவியை மேஜைமேல் வைத்திருந்தார். அவள் அதை எடுத்துக்கொண்டாள். லென்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடுப்படியில் கிடந்த கை இல்லாத மர நாற்காலியையும் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அன்று முதல் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த நாற்காலி கூடப் போனது. ஓரத்தில் வைத்தால் லென்ஸ் அதையும் இழுத்துவிடும். அதனால் ஒவ்வொரு அறையிலும், ஒவ்வொரு நடையிலும், சரியாக நடுவில் வைத்து எடுத்தாள். நாற்காலியின் அளவு யாருக்கும் தெரியும். அதைப் பார்த்தால் மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

“நீ நாற்காலி கம்பெனிக்கா படம் எடுக்கற?” என்று புரோக்கர் கத்தினார். ஆனால் இதற்காக வேறு ஆளைத் தேடவும் இல்லை. முடிந்த படங்களில் நாற்காலியை வெட்டி எடுத்தார். நடுவில் இருப்பதை வெட்டினால் அறையும் சேர்ந்து போய்விடும் என்பதால், சோம்பல் பட்டுப் பாதிப் படங்களை அப்படியே விட்டார். அந்த வீடுகளுக்கு விசாரிப்பு குறைவாகத்தான் வந்தது. வந்தவர்களும் நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.